நாற்காலிக்கு உரியவர் மலையில் இருக்கிறார்

போன மாதம் ஒரு நாற்காலியைப் பார்த்துவிட்டு வந்தேன். பிரம்பு பின்னிய நல்ல நாற்காலி. அதில் யாரும் உட்காரவில்லை. அதனால் ஒரு மனிதர் ஜெயிலை விட்டு வெளியே வர முடியவில்லை.

விவரம் இதுதான். தண்டனை முடியுமுன்பே எந்தக் கைதியை விடலாம் என்று தீர்மானிக்க எங்கள் பக்கத்து ஜெயிலில் ஒரு போர்டு உண்டு. நானும் அதில் ஒரு மெம்பர். என்னை ஏன் போட்டார்கள் என்று கேட்காதீர்கள் — எனக்கே தெரியாது.

அன்று வந்திருந்தது ஒரே ஒரு மனு. திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடியானவர் ராமசாமி. கிணற்றுத் தண்ணீர் யார் முறை என்ற தகராறில் பங்காளியின் மண்டையை மண்வெட்டிக் காம்பால் உடைத்தவர். மண்டையும் ஆறி, கோபமும் ஆறி, அந்தப் பங்காளியே "விட்டுவிடுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஜெயில் சூப்பரிண்டெண்டுக்கு ஆட்சேபம் இல்லை. மெம்பர்கள் நான்கு பேருக்கும் இல்லை.

"அப்படியானால் முடித்துவிடலாமே?" என்றேன்.

போர்டு குமாஸ்தா ரூல் புத்தகத்தைப் பிரித்தார். தலைமை வகிக்க யோக்கியதை இரண்டே பேருக்குத்தான் — ஜில்லாவின் பெரிய துரையான கலெக்டர், அல்லது பெரிய கோர்ட் ஜட்ஜ். ஜட்ஜ் மாற்றலாகிப் போய்விட்டார். துரையோ வெயிலுக்குப் பயந்து ஏற்காட்டில்.

"ஏற்காடு என்ன சீமையிலா இருக்கிறது? ஃபைலை பஸ்ஸில் அனுப்புங்களேன்."

கூட்டம் ஜெயிலுக்குள்தான் நடக்க வேண்டுமாம். அதுவும் ரூல்.

"இப்போது ஜட்ஜ் வேலையைப் பார்க்கிறவர்?"

"அவர் தற்காலிகம் சார். தண்டனை கொடுக்கலாம். இங்கே தலைமை வகிக்க முடியாது."

குமாஸ்தா இதைச் சிரிக்காமல் சொன்னார். ராமசாமியை உள்ளே தள்ளியவரும் ஒரு தற்காலிக ஜட்ஜ்தான் என்று ஃபைலிலேயே இருந்தது. உள்ளே போட யார் வேண்டுமானாலும் போதும். வெளியே விட மட்டும் குறிப்பிட்ட ஆள் வேண்டும்... என்ன ஒரு சட்டம்! காபி குடித்துவிட்டுக் கலைந்தோம்.

வாசல் புளிய மரத்தடியில் ராமசாமியின் மனைவி பாவாயி காத்திருந்தார்.

"ஏனுங்க சாமி, ஊட்டுக்காரர உட்டுருவாங்களா? வார வெள்ளிக்கிழமை புள்ளைக்குக் கண்ணாலமுங்க. அப்பங்காரரு நின்னு தாரை வாக்கோணுமுங்க."

தலைமை வகிக்க ஆள் இல்லை என்றேன். சொல்லவே வெட்கமாக இருந்தது.

அந்தப் பக்கத்துக் கல்யாணங்களை நடத்தி வைப்பவர் அருமைக்காரர். அதற்கும் யோக்கியதை பார்ப்பார்கள். பிள்ளைகுட்டி பெற்று, அருமைச் சீர் என்ற சடங்கைச் செய்துகொண்ட பெரியவராக இருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் முன்னால் போய் நின்றுவிட முடியாது.

பாவாயி கொஞ்சம் யோசித்தார். "எங்கூர் அருமைக்காரருக்கும் காச்சலுங்க. அவரு வரலீன்னா பக்கத்தூர் அருமைக்காரரு வருவாருங்க. மாப்பிள்ளைய எந்திரிச்சு ஊட்டுக்குப் போன்னு யாருஞ் சொல்ல மாட்டாங்க. உங்க போர்டுக்குப் பக்கத்தூரு இல்லீங்களா?"

இல்லை, அம்மா. சட்டம் எழுதியவர்களுக்கு அந்த அளவு மூளை இல்லை.

கல்யாணம் நடந்தது. பக்கத்து ஊர் அருமைக்காரர் வந்தார். அப்பா நிற்க வேண்டிய இடத்தில் சித்தப்பா நின்றார்.

இந்தச் செவ்வாய்க்கிழமை துரை மலையிலிருந்து இறங்கினார். நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கே கையெழுத்துப் போடுவது என்று கேட்டார், போட்டார். ஃபைலைப் பிரிக்கக்கூட இல்லை. இதற்குத்தான் அத்தனை யோக்கியதை.

ராமசாமி வெளியே வந்தபோது துரையின் கார் எங்களைத் தாண்டிப் போனது. அவர்தான் தலைவர் என்று காட்டினேன்.

"அவருக்குப் பொண்ணு இருக்குதுங்களா சாமி?"

"இருக்கிறாள். சின்னப் பெண்."

"அது கண்ணாலத்தன்னைக்காச்சும் அவரு ஊட்டுல இருக்கோணுமுங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னார்.

இந்த மனிதரை வெளியே விடத்தான் யோக்கியதை உள்ள ஆளைத் தேடிக்கொண்டிருந்தோம்.