செல்வியின் சப்பாத்தி டப்பா

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வரி பொய்யென்றாலும் நாளை முதல் என் சாம்பாரை நானே குடிக்கிறேன். நாற்பது பேருக்குச் சமைப்பவனுக்குக் கை எரியும், இடுப்பு ஒடியும், கூடவே எதையாவது தோண்டித் துருவிப் பார்க்கும் புத்தியும் வந்துவிடும். அண்டாவோடு மல்லுக்கட்டும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? எனக்கு வேலை ஜீவனஹள்ளிப் பக்கம், பெற்றோரிடம் வளர முடியாத பெண்பிள்ளைகளின் இல்லத்தில்.

மூடி

ஒரு மத்தியானம் அண்டா மூடி என் கையிலிருந்து நழுவியது. அது போட்ட சத்தத்துக்கு அல்சூர் ஏரி மீனெல்லாம் கரையேறியிருக்கும். பரிமாறி முடித்துத் திரும்பினால் செல்வியைக் காணோம். பதினாலு வயது, வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. தட்டு இருக்கிறது, ஆள் மேஜைக்கு அடியில்!

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். நான் முட்டி கதறக் கதறக் குனிந்து, நழுவிய கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, மூடி விழுந்துச்சு" என்றேன். அவள் கண்ணைத் திறக்காமல் கேட்டாள்: "மூடிக்கு அப்புறம் யாரு வருவாங்க, தாத்தா?"

அன்றிலிருந்து, "பாத்திரம் இறங்குது!" என்று கூவிவிட்டுத்தான் எதையும் கீழே வைக்கிறேன். பழக்கதோஷத்தில் வீட்டிலும் கூவுகிறேன். என் மனைவி சொன்னாள்: "ஒரு டம்ளருக்கு எதுக்குய்யா இவ்வளவு விளம்பரம்?"

எலி

சனிக்கிழமை பெட்டிச் சோதனை. செல்வியின் டிரங்குப் பெட்டியில் காய்ந்து விறைத்த சப்பாத்தி பதினொன்று. இது இரண்டாவது தடவை. இன்னொரு தடவை நடந்தால் வேறு ஊர் இல்லத்துக்கு மாற்றிவிடுவதென்று கண்காணிப்பாளர் மேடம் கடிதமே எழுதி வைத்துவிட்டார்.

எனக்கோ ஆச்சரியம். மூன்று வேளையும் தட்டு நிறையப் போடுகிறேன். எடுத்ததில் ஒன்றைக்கூட அவள் கடிக்கவில்லை. அப்புறம் எதற்கு? அது தெரியும்வரை பொறுக்க வேண்டுமே என்று, "மேடம், நாய் சைஸுக்கு ஓர் எலி. வாயில் கவ்விக்கொண்டு போய் அடுக்கியதை இந்தக் கண்ணால் பார்த்தேன்" என்றேன். மேடம் நிதானமாகக் கேட்டார்: "ஹௌதா தாத்தா, நிஜமாவா? பெட்டி பூட்டியிருந்துச்சே, எலிகிட்ட சாவி இருந்துச்சா?"

டப்பா

புதன்கிழமை வரும் மனநலக் கவுன்சிலர் அம்மாவிடம் கேட்டேன். "பட்டினியிலயும் பயத்துலயும் வளர்ந்த உடம்பு, தாத்தா. ஆபத்து போயிடுச்சுன்னு அதுக்கு இன்னும் தெரியல. பிடுங்கினா இன்னும் ஒளிக்கும்" என்றார்.

மேடத்திடம் ஒரு மாதத் தவணை வாங்கினேன். சமையலறை அலமாரியில் செல்வி பெயரெழுதிய டப்பா. அதில் எப்போதும் இரண்டு சப்பாத்தி வைக்க அனுமதி. சின்னப் பூட்டு, சாவி அவள் கழுத்தில். முதல் நாள் எட்டுத் தடவை வந்தாள். தின்னவில்லை; திறந்தாள், பார்த்தாள், மூடினாள். அடுத்த வாரம் ஐந்து, அப்புறம் இரண்டு.

ஒரு நாள் சாயங்காலம்வரை வரவே இல்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினால், முற்றத்தில் த்ரோபால் ஆடிக்கொண்டிருக்கிறாள்! "செல்வி, டப்பா!" என்று கத்தினேன். பந்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "அது எங்க போயிடப் போவுது தாத்தா? அப்புறம் பாத்துக்கறேன், நகருங்க!"

பின்னால் மேடம் நின்றிருந்தார். அடுத்த மாத மளிகை லிஸ்டை என் கையில் கொடுத்தார். திருப்பிப் பார்த்தேன், அந்த மாற்றல் கடிதத்தின் முதுகில் எழுதியிருந்தது. போகிற போக்கில் கேட்டார்: "ஏன் தாத்தா, உங்க எலி ரிடையர் ஆயிடுச்சா?"

வயிறு நிரம்ப ஒரு வேளை போதும், நாளைக்கும் சோறு உண்டென்று அது நம்ப ஒரு மாதமும் ஒரு பூட்டும் வேண்டியிருக்கிறது. மற்றபடி, இரண்டு என்று மேடம் அனுமதித்த டப்பாவில் தினமும் நாலு வைத்த எலி கண்ணாடி போட்டிருக்கும் என்று உங்களுக்குச் சொன்னது யாரென்று மேடம் கேட்டால், என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.