வாளி எங்கே?

ராட்ஸ் எடெல்காவுக்கு நாலு வயதில் கிடைத்த சின்னம் வாளி. நாற்பத்தொரு வயதாகி, அந்தப் பள்ளிக்கே தலைமை ஆசிரியை ஆன பிறகும், ஊரில் சிலருக்கு அவள் இன்னும் வாளிதான்.

ஹங்கேரியின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது மெட்யேஷ். அந்த ஊர் பாலர் பள்ளியில், எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்கு, தேர்தலில் நிற்பவர்களைப் போல ஆளுக்கொரு சின்னம் கொடுப்பார்கள். கோட்டு மாட்டும் கொக்கிக்கு மேலே அந்தப் படம் போட்ட வட்டமான மர வில்லை தொங்கும். துண்டிலும் மத்தியானத் தூக்கத்துக்கான விரிப்பிலும் அதே படத்தை வீட்டில் தைத்துக் கொடுக்க வேண்டும். வில்லையின் பின்புறம், அதை வைத்திருந்த பிள்ளைகளின் பெயர்கள் பென்சிலில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும்.

முதலில் வருபவர் முதலில் எடுக்கலாம் என்பது விதி. கேட்டால் நியாயமாகத்தான் படும். ஆனால் பெயர் கொடுக்கும் தேதியை ஒட்டுவது மாதா கோயில் கதவில். மேட்டிலிருக்கும் கோயில் தெருக்காரர்கள் வந்து சூரியன், பட்டாம்பூச்சி, செர்ரிப்பழம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போன பிறகுதான் ஊர்க்கோடியில், செங்கல்பள்ளத்தில் ஒதுங்கி வாழும் ரோமா இனக் குடும்பங்களுக்குச் சேதி எட்டும். மிஞ்சிக் கிடப்பது குடை, துடைப்பம், வாளி. கொக்கி வரிசையைப் பார்த்தே யார் வீடு மேட்டில், யார் வீடு பள்ளத்தில் என்று சொல்லிவிடலாம். இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் எடெல்காவுக்கு அதிக ஆத்திரம்.

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் ‘வாளி, தண்ணி கொண்டா’ என்று விரட்டியவள் பெர்னடெட், சூரியன் சின்னக்காரி. இன்று ஊரின் ஒரே மருந்துக்கடை அவளுடையது.

எடெல்கா பத்தொன்பது வயதில் அதே பள்ளியில் ஆயாவாகச் சேர்ந்தாள். பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டே தபாலில் படித்து முப்பத்திரண்டில் ஆசிரியை ஆனாள். போன வருஷம் தலைமைப் பொறுப்பு வந்ததும் முதல் காரியமாக, மேட்டுப் பிள்ளைகளையும் பள்ளத்துப் பிள்ளைகளையும் பிரித்து வைத்திருந்த நடுச்சுவரை இடிக்கச் சொன்னாள். இந்தச் செப்டம்பரில் ரோமா மொழி மட்டும் பேசும் அர்மாண்டோ, போருக்குத் தப்பி எல்லை தாண்டி வந்த இரட்டையர்கள், காது கேட்காத ஒரு குட்டிப்பெண், பெர்னடெட்டின் மகள் டோர்கா எல்லாரும் ஒரே அறையில்.

முதல் நாளே பெர்னடெட் வந்து நின்றாள்.

“எங்கம்மாவுக்குச் சூரியன். எனக்குச் சூரியன். டோர்காவுக்கும் சூரியன்தான். எழுதி வச்சுக்க, எடெல்கா.”

“மூணு வாரம் போகட்டும். புள்ளைங்க ஒண்ணோட ஒண்ணு பழகட்டும். அப்புறம் அதுங்களே எடுத்துக்கும். இருக்கறதுலயே சின்னதுதான் மொதல்ல.”

“மூணு வயசுப் புள்ளைகிட்ட ஓட்டெடுப்பா? நல்லாருக்கு. என் பொண்ணு ஒரு நாள் இங்க அழுதான்னு வை, பக்கத்து டவுன்ல சேத்துடுவேன். என் பின்னாடி ஆறு குடும்பம் வரும். தெரியும்ல?”

“தெரியும். அழமாட்டா.”

துணிந்துதான் சொன்னாள். ஆனால் அவர்கள் போய்விட்டால் மிஞ்சுவது பள்ளத்துப் பிள்ளைகளும் அகதிப் பிள்ளைகளும்தான். பள்ளிக்குள் இடித்த சுவர் ஊருக்கு நடுவில் எழும்பும்.

இருந்தும் வேலையில் குறை வைக்கவில்லை. தோட்டத்தில் வால்நட் கொட்டிக் கிடந்த காலம். பெரிய தகர வாளி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். நிறைந்துவிட்டால் ஒரு பிள்ளையால் அசைக்க முடியாது. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால்தான் நகரும். அதற்கு மொழி வேண்டாம், காதும் வேண்டாம். இரண்டாம் வாரத்தில் டோர்காவும் அர்மாண்டோவும் வாளியை விட்டு நகரவில்லை. அவன் ரோமாவில் கத்துவான், இவள் ஹங்கேரியனில் கத்துவாள், வாளி போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். எடெல்கா சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்து, தன்னைத் தானே மெச்சிக்கொள்வாள்.

ஆயா இபோயாதான் புலம்பினாள். “சின்னம் இல்லாம துண்டெல்லாம் கலந்து போச்சும்மா. யார் மூக்கை யார் துண்டுல தொடைக்கிறேன்னு ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.”

“இன்னும் ரெண்டு நாள் பொறு இபோயா.”

சின்னம் எடுக்கும் நாளுக்கு முன்தினம் எடெல்கா வில்லைப் பெட்டியைச் சரிபார்த்தாள். துடைப்பத்தை எடுத்து அடுப்பில் போட்டாள். வாளியை எடுத்தாள். அதைப் போட மனம் வரவில்லை. இனி எந்தப் பிள்ளையும் இதைச் சுமக்க வேண்டாம் என்று மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினாள். நல்ல காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தாள்.

மறுநாள் பெற்றோர் சுவரோரம் நின்றார்கள். எல்லாரிலும் சின்னவன் அர்மாண்டோ. பெட்டிக்குள் கைவிட்டு, நேராகச் சூரியனை எடுத்துக்கொண்டான். பெர்னடெட் கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். இரட்டையர்களுக்கு மீனும் ரயிலும். காது கேட்காத பெண்ணுக்கு மணி. அது சிரித்துக்கொண்டே எடுத்தது. அப்புறம் டோர்கா.

டோர்கா பெட்டியைக் கிளறினாள். இன்னொரு முறை கிளறினாள். கவிழ்த்தே விட்டாள்.

“வாளி எங்க?”

“எடெல்கா அத்தை, வாளி எங்க? வாளி இல்ல.” உதடு பிதுங்கி, ஓவென்று அழுகை வந்தது. அர்மாண்டோ ஓடிவந்து தன் சூரியனை அவள் கையில் திணித்தான். அவள் அதைத் தள்ளிவிட்டாள். “சூரியன் வேணாம். வாளி.”

“பாத்தியா, அழுறா,” என்றாள் பெர்னடெட். ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை.

எடெல்காவுக்கு முகம் சூடாகிவிட்டது. தோட்டத்தில் வாளியை வைத்தவள் அவள். அதை அந்தப் பிள்ளைகளுக்கு உயிராக்கியவள் அவள். பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டியவளும் அவளே. மேட்டுக்காரர்கள் சொன்ன மதிப்பை அவளும் அல்லவா இத்தனை வருஷம் நம்பியிருக்கிறாள்? உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

“தப்பு என்னோடதுதான்டா கண்ணு,” என்று சொல்லி, டிராயரைத் திறந்து வில்லையைக் கொண்டுவந்து டோர்காவின் கையில் கொடுத்தாள். அழுகை அந்த நொடியே நின்றது.

பெர்னடெட் குனிந்து, மகளின் கையிலிருந்த வில்லையைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் பதினாலு பெயர்கள். பதினாலும் செங்கல்பள்ளம். ஆறாவது, ராட்ஸ் எடெல்கா. பெர்னடெட் எல்லாப் பெயரையும் நிதானமாகப் படித்தாள்.

“நான் உன்னை வாளின்னுதான கூப்பிடுவேன்?”

“தெனமும்.”

டோர்கா ஏற்கெனவே அர்மாண்டோவோடு கொக்கியைப் பார்த்து ஓடிவிட்டிருந்தாள். ஆறு குடும்பங்களும் சுவரோரம் நின்று மருந்துக்கடைக்காரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் கைப்பையைத் திறந்து, மருந்துச்சீட்டு ஒன்றை எடுத்து, பின்புறம் திருப்பி, எழுதப் பேனாவைத் திறந்தாள்.

“எனக்குத் தைக்க வராது. பரவால்ல, சொல்லு. துண்டு ரெண்டு, விரிப்பு ஒண்ணா? வாளிக்கு என்ன கலர் நூலு வாங்கணும்?”