முந்நூற்று நாற்பது ‘அவன்’

எங்கள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் அது தென்படும். மற்றபடி அவர் கசதப சார். க், ச், த், ப் நான்கும் எங்கே மிகும், எங்கே மிகாது என்பதில் மனிதர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். பெயர்ப்பலகையில் ஒரு ‘க்’ விட்டுப்போன கடையில் தேநீர்கூடக் குடிக்க மாட்டார். இருபத்திரண்டு வருடமாக அவருக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து பக்கம் அமைக்கிறவள் நான். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, எரிச்சல் அதைவிடக் கூடுதலாகவே உண்டு. இத்தனை வருடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

போன வருடம் ஓர் அம்மாள் தன் வாழ்க்கைக் கதையை எழுதிக் கொண்டுவந்தார். முப்பது வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமே, அதை வைத்துப் புத்தகத்துக்கு ‘பிரேக் என் காலில்’ என்று பெயர் வைத்திருந்தார். தன் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கிய பெண்மணியை ‘அவர்’ என்று எழுதியிருந்தார். தன் கணவனை ‘அவன்’ என்று எழுதியிருந்தார்.

கசதப சார் சிவப்புப் பேனாவை எடுத்தார். கணவன் வருகிற இடமெல்லாம் ‘அவன்’ போய் ‘அவர்’ வந்தது. எண்ணிப் பார்த்தேன், முந்நூற்று நாற்பது இடம்.

மெய்ப்பு கைக்குப் போன மறுநாளே அந்த அம்மாள் வந்து நின்றார்.

“யாருங்க அது, என் வீட்டுக்காரனுக்கு ஒரே மூச்சுல இவ்வளவு மரியாதை குடுத்தது?”

“நான்தாம்மா. புருஷனை அவன் இவன்னு எழுதினா படிக்கிறவங்க முகம் சுளிப்பாங்க.”

“இலக்கணப்படி தப்பா?”

கசதப சார் வேறு எதில் வேண்டுமானாலும் பொய் சொல்லுவார், இலக்கணத்தில் சொல்ல வராது. “தப்பில்ல” என்றார்.

“உங்க வீட்டம்மாவைப் பத்தி எழுதினா, வந்தாள்னு எழுதுவீங்களா, வந்தார்னா?”

“வந்தாள்னுதான்.”

“அதுக்கு யாரும் முகம் சுளிக்க மாட்டாங்களா?”

சார் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். “அதைக் கீழ வச்சுட்டு ஒரு தடவை சும்மா படிங்க” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போய்விட்டார்.

படித்தார். முப்பத்தோராம் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘எனக்குக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறேன் என்று கூட்டிப்போய், மூன்று தெருவும் அவனே ஓட்டினான். நான்காவது தெருவில் ஒரு தபால் பெட்டி குறுக்கே வந்துவிட்டதாம். இன்றுவரை அதைத்தான் திட்டுகிறான். அடுத்த மாதம் நான் பயிற்சிப் பள்ளி தொடங்கினேன். முதல் மாணவன் அவன்.’

அந்தப் பக்கத்தில் சாருக்கு என்னவோ ஆயிற்று. தோள் குலுங்கியது, கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று நினைத்து மெஷின்காரர் தண்ணீரோடு ஓடிவந்தார். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்!

“முதல் மாணவர் அவர். பாத்தியாம்மா? கல்வெட்டு மாதிரி ஆக்கி வச்சிருக்கேன். நல்ல சிரிப்பை நானே கொன்னுட்டேனே” என்றார் என்னிடம்.

அடித்த சொல் அப்படியே இருக்கட்டும் என்பதற்கு எங்கள் தொழிலில் அடையாளம், அதன் கீழே வரிசையாகப் புள்ளி வைப்பது. தன் திருத்தத்துக்கே அவர் புள்ளி வைத்து நான் கண்டதில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து முந்நூற்று நாற்பது இடத்திலும் வைத்தார். நடுநடுவே சிரிப்பு வேறு. எனக்குப் பக்கம் அமைக்கவே ஓடவில்லை.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. ‘அவன்’ என்று அச்சடித்தால் நூலகங்கள் வாங்காது என்று அவருக்குப் பயம். எழுதுகிறவர்களோடு நாங்கள் போடும் ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: மொழிப்பிழை எது என்பதில் அச்சகத்தின் முடிவே இறுதி. அச்சகத்தின் முடிவு என்றால் கசதப சாரின் முடிவு.

“பிழைன்னு ஒரு வரி எழுதி கையெழுத்துப் போடுங்க. அந்தம்மாவை நான் பாத்துக்கறேன்” என்றார் முதலாளி, எல்லோர் முன்னாலும்.

ஒரு கையெழுத்து விழுந்தால் புத்தகம் முழுக்கக் கல்வெட்டாகிவிடும். சாரோ, முதலாளி சொல்லுக்கு மறுசொல் பேசியறியாதவர்.

“பிழையில்ல சார்” என்றார்.

“ஒரு மரியாதைக்காவது...”

“அவன்ங்கறது ஆண்பால் ஒருமை. தாலி கட்டினவனுக்குன்னு இலக்கணத்துல தனி விதி கிடையாது. பிழைன்னு எழுத என் கை வராது. ரெண்டு விதமாவும் படிக்கிறேன், கேளுங்க.”

முதலில் ‘அவர்’ போட்டுப் படித்தார். யாரோ இருமினார்கள். பிறகு ‘அவன்’ போட்டுப் படித்தார். தபால் பெட்டி வந்தபோதே பைண்டிங் பெண்கள் தாங்கள் மடித்துக்கொண்டிருந்த தாள்களை விட்டுவிட்டார்கள். ‘முதல் மாணவன் அவன்’ என்றதும் கூரை அதிர்ந்தது. முதலாளி உதட்டைக் கடித்துத்தான் பார்த்தார், சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. “என்னவோ பண்ணித் தொலைங்க, அச்சுக்கு அனுப்புங்க” என்று கையை உதறினார். நான் விசிலடித்தேன். இந்த வயதில் விசிலா என்று கேட்டவர்களுக்காக இன்னொன்றும் அடித்தேன்.

வெளியீட்டு விழாவைத் தாள் கிடங்கிலேயே வைத்தோம். அந்த அம்மாள் கசதப சாரைப் பிடித்து இழுத்து மைக் முன்னால் நிறுத்திவிட்டார்.

“என் மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்” என்று ஆரம்பித்தார். அந்த ‘றார்’ கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது. “கடைசி மெய்ப்பை வீட்டுக்குக் கொண்டுபோனேன். நான் விழுந்து விழுந்து சிரித்த இடத்தில் எல்லாம் அவர் சும்மா இருந்தார். ஏன் என்று கேட்டேன். ‘இப்படி ஒரு புருஷன் உங்களுக்குப் புதுசு, எனக்கு அப்படியா?’ என்றார். என் தொழிலில் இவ்வளவு பெரிய பிழையை இதுவரை யாரும் எனக்குக் காட்டியதில்லை.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்த மனைவி, துணி ஆலையில் மேற்பார்வையாளர், என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கண் நிறைந்திருந்தது, துடைக்கவில்லை. முழங்கையால் என்னை இடித்தார்.

“நல்லா பேசுறான்ல?”