மணிக்கட்டில் மகளின் குரல்

காய்ச்சல் வந்து எனக்கு இரண்டு காதும் போய்விட்டன. யாராவது முன்னால் நின்று பேசினால் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். மகள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு அது உதவவில்லை. அவளுக்குத் தட்டி எழுத நேரம் கிடைக்காது. ஒளிந்து நின்று நாலு வார்த்தை பேசிப் போனுக்கு அனுப்புவாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்காதான் கேட்டுச் சொல்வார்.

"நல்லா இருக்காளாம். ஒன்னய ஒழுங்கா சாப்புடச் சொல்றா."

எப்போதும் அதுவேதான்.

ஹட்டனில் காது பார்க்கப் போன இடத்தில் ஒரு பட்டை தந்தார்கள், கொஞ்ச நாள் போட்டுப் பார்க்க. கைக்கடிகாரம் போல மணிக்கட்டில் கட்டுவது. பக்கத்தில் பேசினால் பேச்சு தோலில் அதிரும்.

அக்கா அதன் கிட்டே வாயை வைத்தார்.

"ஏய் செவிடி, ஏசுனா வெளங்குமா?"

"ஏசிப் பாருங்க."

ஏசினார். கை கூசியது. இரண்டு பேரும் சிரித்தோம்.

வீட்டுக்குள் வந்து, மகள் போன புதிதில் அனுப்பிய பேச்சைப் போட்டு, போனைப் பட்டையோடு ஒட்டிப் பிடித்தேன். தகரத்தில் மழை விழுவது மாதிரி விடாமல் ஓடியது. கடகடவென்று பேசுகிற பிள்ளை. அவள்தான்.

பிறகு அந்த வாரம் வந்ததைப் போட்டேன். கொஞ்சம் அதிர்ந்தது, நின்றது. துண்டு துண்டாக வந்தது. கடைசியில் விட்டு விட்டு இழுத்தது. பட்டை கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி போட்டேன். அதே இடத்தில் அதே இழுப்பு. சின்னதில் அழுதால் நெஞ்சில் சாய்த்துக்கொள்வேன். அவள் தேம்பல் என் உடம்பில் இப்படித்தான் அடிக்கும்.

அக்காவிடம் ஓடினேன்.

"அழுவுறாளா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். வாயைப் பார்க்க வேண்டுமே.

"ஒங்கிட்ட சொல்ல வேணாம்னா புள்ள. அடிக்கிறாங்களாம். பாஸ்போர்ட்டையும் வாங்கி வச்சிக்கிட்டாங்களாம்."

"எப்ப இருந்து?"

"தீவாளிக்கு முந்தி இருந்து."

அனுப்பி வைத்த ஏஜென்டிடம் போனோம். ஒப்பந்தம் முடியட்டும் என்றார். கொழும்பில் வெளிநாட்டு வேலை ஆபீசுக்கு எழுதிப் போட்டோம். அவள் இருக்கும் விலாசம் கேட்டார்கள். எங்களிடம் இல்லை.

நானே போனில் பேசி அனுப்பினேன். என் குரல் இப்போது எப்படி இருக்கிறதோ தெரியாது. மணிக்கட்டில் அதிர்ந்தது.

"தெரிஞ்சிருச்சு புள்ள. எந்த ஊரு, எந்த வீடுன்னு மட்டும் சொல்லு."



பட்டையைக் கழற்றுவதில்லை. மலையில் கொழுந்து எடுக்கும்போது காற்றுக்கும் அதிர்கிறது, கங்காணி சத்தம் போட்டாலும் அதிர்கிறது. ஒவ்வொரு தடவையும் மகளின் பதில்தான் வந்துவிட்டதோ என்று கூடையை இறக்கி வைத்துப் போனைப் பார்க்கிறேன். மாத முடிவில் பட்டையைத் திருப்பிக் கேட்பார்கள்.