லோகநாதன் கொண்டுவந்த கல்

தேசப்பன் கப்பல் வேலையை விட்டு ஊர் திரும்பியது தொண்ணூற்றெட்டாம் வருஷம். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையோரம், கடலுக்கும் லாரிகளுக்கும் நடுவில் ஒண்டிக் கிடக்கும் ஓடைக்கரைக் குப்பம்தான் அவன் ஊர். பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் கிடையாது. அக்கா குப்பம்மாவும், இருவரும் பிறந்த வீடும் மட்டும்தான். அவன் முதல் தடவை கப்பலேறியபோது அந்த வீட்டுக்கு முன்னால் மூன்று வரிசை வீடுகளும் வலை காயப்போடும் மணலும் இருந்தன. திரும்பி வந்து பார்த்தால் வாசலில் நின்று வாய் கொப்பளித்தால் கடலில் விழுகிறது. தெற்கே துறைமுகச் சுவர் கட்டியதிலிருந்து மணலெல்லாம் அந்தப் பக்கம் தங்கிவிடுகிறது, வடக்கே கடல் அரிக்கிறது என்று படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

குப்பம்மாவின் புருஷன் கடலோடு போனவன். கருவாடு விற்றே அவள் காலத்தைத் தள்ளினாள். தம்பி வந்து இறங்கிய அன்றைக்கே அவள் சொன்ன பேச்சு இதுதான்:

"வூடு போச்சுன்னா நம்மள எம்.கே.பி. நகரு ஹவுசிங் போர்டுல மூணாவது மாடிக்கு ஏத்திடுவானுங்க தேசு. அங்க போய் கருவாட்ட எங்க காயப்போடுவேன்? நான் செத்துடுவேன்டா."

"இந்த வூடு எங்கயும் போவாது. நான் பாத்துக்கறேன்," என்றான் தேசப்பன். எதைக் கொண்டு பார்த்துக்கொள்வான் என்று அவனுக்கும் தெரியாது.

உலகம் சுற்றியவன் என்று குப்பத்தில் அவனுக்கொரு மரியாதை இருந்தது. சாயங்காலம் படகடியில் உட்கார்ந்து கதை விடுவான். பாதி கப்சா. ஒன்று மட்டும் நிஜம். அமெரிக்காவின் தெற்குப் பக்கம், ஆற்றுக்குள் இருக்கிற ஒரு துறைமுகத்தில் கோதுமை ஏற்றக் கப்பல் நின்றபோது, கரையில் கயிறு பிடிக்கும் கிழவன் ஒருவன் பர்சிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினானாம். அந்த மாநிலத்தில் என்றைக்கோ கவர்னராக இருந்து செத்துப்போன ஆள். எதிர்த்துப் பேசியவனுக்கு வேலை போகும், எதிர்த்து எழுதிய பத்திரிகைக்குப் பூட்டு விழும், கஜானாவிலும் கை வைத்தவன் என்று கிழவனே ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, அதே படத்தை முத்தமிட்டான். "அவன் திருடினான், சரி. என் அம்மா வீட்டு வாசல் வரைக்கும் ரோடு போட்டவனும் அவன் ஒருத்தன்தானே? மற்றவர்களும்தான் திருடினார்கள், ரோடு எங்கே?" என்று கேட்டானாம். பக்கத்தில் நின்ற மகன் அதற்கும் மேலே. அந்தக் கவர்னர் சாகும்போது இவன் பிறக்கவே இல்லை. ஆனாலும் அந்த ஆளைப் போல மேஜையைக் குத்திப் பேசுகிறவன் எவன் நின்றாலும் என் ஓட்டு அவனுக்குத்தான் என்றானாம்.

"படிச்ச நாடுன்னு பேரு," என்பான் தேசப்பன். "ரோடு போட்டான்னு சொல்லி வாய்க்கு பூட்டும் சேத்து வாங்கிக்கினானுங்க!"

படகடியே சிரிக்கும். லோகநாதனும் சேர்ந்து சிரித்திருக்கிறான்.

லோகநாதன் கரையில் மீன் ஏலம் விடுகிறவன். ஏலம் கூவிக் கூவிப் பழுத்த தொண்டை. அதைவிடப் பெரிய வித்தை ஒன்று அவனிடம் இருந்தது. நாம் மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருப்பதை அவன் நம்மைவிட நன்றாகச் சொல்லிவிடுவான். அந்த வருஷம் ஐப்பசியில் கடல் ஒரே வாரத்தில் தெற்குப் பக்கத்து முன்வரிசை முழுவதையும் வாரிக்கொண்டு போனது. பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். சாலையில் நின்றபடியே மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார். மேலே என்றால் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை வருஷமாக அது மேலேயே போய்க்கொண்டிருக்கிறது!

லோகநாதன்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்தான். "வா சார், நம்ம வூட்டாண்ட ஒரு டீ சாப்ட்டு போ," என்று மரியாதையாகவே சொல்லிக் கூட்டிப்போனான். மணலைத் தாண்டி அலைக்குள் இறங்கினான். அவர் இடுப்புவரை தண்ணீர் வந்தபோது நின்றான். "இதான் சார் வூடு. குந்து சார்," என்றான். ஒவ்வொரு அலையும் அவர் முகத்தில் அடித்தது. கையை மட்டும் அவன் விடவில்லை. கரையில் விசில் பறந்தது.

போலீஸ் வந்தது, கேஸ் வந்தது. கல்லும் வந்தது. பாறை பாறையாகக் கருங்கல் ஏற்றிய லாரிகள் சாலையில் வரிசை கட்டி நின்றதைப் பார்த்துத் தேசப்பன் அழுதுவிட்டான். தன் பக்கம் நின்று ஒருத்தன் பேசினால் எப்படி இருக்கும் என்பதே அதுவரை அவனுக்குத் தெரியாது. அந்த அழுகையைக் கேலி செய்ய யாருக்கும் மனசு வராது.

இங்கேதான் தேசப்பன் ஒரு காரியம் செய்தான். ஓடைக்கரையில் ஊர்க்கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பஞ்சாயத்து ஒரு முடிவைச் சொன்னதும், அதற்கு ஒப்பாதவன் தன் தோள் துண்டை எடுத்து நடுமணலில் போடுவான். அவன் பேச வேண்டியதைப் பேசி, மனசு சமாதானமாகி, துண்டைத் தன் கையாலேயே எடுத்துக்கொள்கிற வரைக்கும் முடிவு செல்லாது. நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தக் குப்பத்தில் சுப்பராயன் என்றொருவர் இருந்தார். விம்கோ நகர்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்த்து, சங்கத்தில் பேசிப் பேசி ஓய்ந்தவர். வாய் மட்டும் ஓயவில்லை. திருவிழாவுக்கு பேண்டு வாத்தியமா மேளமா என்பதற்குக்கூட அவர் துண்டு மணலில் கிடக்கும். அவரைப் பார்த்தாலே ஊருக்குக் கொட்டாவி வரும்.

கல்லை எங்கே கொட்டுவது என்று கூடிய கூட்டத்திலும் துண்டு விழுந்தது.

"கல்லு எங்க முடியுதோ அங்க கடலு திரும்பும்," என்றார் சுப்பராயன். "ஓடை வரிக்கும் போடறதுன்னா போடு. பாதில நிறுத்துனா கடசி வூட்ட தூக்கிடும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் சொன்னது சுப்பராயன். பேச்சு நீண்டது. சாலையில் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு லாரியை வேறு குப்பத்துக்குத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். லோகநாதன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். எழுந்தது தேசப்பன்தான்.

"கடலு இன்னா துண்ட பாத்தா நிக்கப் போவுது? கல்லு விசயத்துல துண்டு போடறது வாணாம். லோகு கையில உட்டுடுவோம். அவன் சொல்றதுதான் முடிவு."

"அய்யோ வாணாம் மாமா, அது பெரியவங்க வழக்கம்," என்று லோகநாதன் கைகூப்பினான். கூட்டம் விடவில்லை. அவன் மறுக்க மறுக்க ஊர் கெஞ்சியது. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டான். சுப்பராயனின் துண்டை யாரோ காலால் தள்ளிவிட்டார்கள்.

கல் விஷயத்துக்கு மட்டும் என்றுதான் பேச்சு. பிறகு ஏலம், திருவிழா, யார் வீட்டுச் சண்டைக்கு யார் போவது என்று ஒவ்வொன்றாக எல்லாமே கல் விஷயம் ஆகிவிட்டது. சுப்பராயன் டீக்கடையில் நின்று இதைச் சொல்லிக் கத்தினார். மறுநாளே அவரை ஊர் விலக்கு வைத்தாயிற்று. அவரோடு யாரும் பேசக் கூடாது, அவருக்கு டீ ஊற்றக் கூடாது, அவர் அடுப்புக்கு நெருப்பு கொடுக்கக் கூடாது. தேசப்பன் அவரோடு சீட்டாடிக்கொண்டிருந்தவன். எதிரே வந்தால் கடலைப் பார்த்துக்கொண்டு போகப் பழகிக்கொண்டான்.

கற்சுவர் தெற்கிலிருந்து வளர்ந்து வந்து குப்பம்மா வீட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. மிச்சக் கல் லோகநாதன் புதிதாகக் கட்டிய ஏலக்கூடத்தைச் சுற்றிப் போனது. அடுத்த மழைக்காலத்தில் அலை வந்து சுவரில் மோதி, அது முடிகிற முனையில் சுழன்று, நேரே குப்பம்மாவின் வீட்டடி மணலைத் தோண்ட ஆரம்பித்தது. அடுப்படிச் சுவரில் வெடிப்பு கண்டது. தரையைத் தட்டினால் பானையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அக்கா தம்பி முகத்தையே பார்த்தாள். அது போதாதா?

தேசப்பன் ஏலக்கூடத்துக்குப் போனான்.

"வா மாமா, குந்து," என்று லோகநாதன் தானே பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தான்.

"அக்கா வூட்டாண்ட கடலு திரும்பிகினு கீது லோகு. ஒரு நாலு லாரி கல்லு போட்டேன்னா..."

"அக்கா வூடா? அது என் வூடு மாமா!" தேசப்பன் தோளில் கை போட்டான். கை கனமாக இருந்தது. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கடலு திரும்புதுன்ற வார்த்த உன்னுதா, சுப்பராயனுதா?"

"கண்ணால பாத்தேன்பா."

"கண்ணு பாக்கும் மாமா. வார்த்த எங்கருந்தாவது வரணும்ல?" சிரித்தான். "சரி உடு. என்னாண்ட சொல்லிட்டல்ல, கம்முனு போ. கல்லு வரும்."

வெளியே வந்தபோது தேசப்பனுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இதையும் சொல்லத்தான் வேண்டும்: அவனுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. லோகநாதன் தன் கையால் டீ ஊற்றிக் கொடுத்தானே, அத்தனை பேர் பார்க்கத் தோளில் கை போட்டானே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனான். வீட்டுக்குப் போய், "வரும்னு சொல்லிட்டான்க்கா," என்றான்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை, குப்பம்மா கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த பின்னால் வீடு சரிந்தது. முதலில் அடுப்படி, பிறகு ஓடு, பிறகு மொத்தமும். அவள் மார்பில் அடித்துக்கொண்டு மணலில் விழுந்தாள். லோகநாதன் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தான். அவளைக் கட்டிக்கொண்டு கதறினான். அந்தக் கண்ணீர் நடிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடிப்பாக இருந்திருந்தால் ஊர் என்றைக்கோ கண்டுபிடித்திருக்கும்.

அழுது முடித்து எழுந்து, கூட்டத்தைப் பார்த்தான்.

"சொவரு தானா எடம் வுடுமா? முனையில கெடந்த கல்லு எங்க? யாரு பேத்தது?"

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கல்லே வாணாம்னு துண்டு போட்டது யாரு?"

பெயரை அவன் சொல்லவில்லை. கூட்டம்தான் சொன்னது. முதலில் ஒரு குரல், பிறகு ஊரே.

தேசப்பன் நின்ற இடத்திலிருந்து பார்த்தால், அலை உள்வாங்கும்போதெல்லாம் அந்த முனைக் கல் மணலில் புதைந்து கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அவன் அக்காவின் பக்கத்தில் குனிந்தான்.

"கல்லு அங்கயே கீதுக்கா. பாரு."

குப்பம்மா பார்த்தாள். "எனக்கும் கண்ணு கீது," என்று முணுமுணுத்தாள். "வாய மூடு. வூடு போனா இன்னா, எடம் கீதுல்ல? அவுரு மனசு வெச்சா கல்லு போட்டு எடத்த மீட்டுக் குடுப்பாரு. அப்பால குடிச கட்டிக்கலாம். நீயும் அவங்களோட போ. போவலன்னா யாரு வரலன்னு பாப்பாங்க."

அவன் போனான்.

சுப்பராயன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால் இரண்டும் வீங்கி, எழுந்திருக்கவே சுவரைப் பிடிக்க வேண்டிய மனிதர். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதில் ஒரே ஒருவனிடம் பேசினார்.

"தேசப்பா, நீ சொல்லு. இந்த கால வெச்சிகினு நான் போய் கல்ல பேத்திருப்பனா?"

லோகநாதன் மெல்லத் திரும்பினான். அவன் முகத்தில் கோபமே இல்லை, பாசம்தான் இருந்தது.

"சொல்லு மாமா. நீ உலகம் சுத்துனவன். நீ இல்லன்னு சொன்னா நாங்க இப்டியே திரும்பிப் பூடறோம்."

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லத் தேசப்பன் வாயைத் திறந்தான். அக்காவின் இடம் ஞாபகம் வந்தது, அதன்மேல் அலை ஏறி இறங்குவது ஞாபகம் வந்தது.

"ஊரே சொல்லுது," என்றான். "ஊரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பாத்திரம், பாய், டிரங்குப் பெட்டி எல்லாம் வாசலுக்கு வந்து விழுந்தன. வாழ்நாளில் முதல் தடவையாகச் சுப்பராயன் எதையும் மறுத்துப் பேசவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து, சாலையைப் பார்த்து நடந்தார். அவர்மேல் ஒருத்தன் கை வைக்கவில்லை என்பதை ஊர் பிற்பாடு பெருமையாகச் சொல்லிக்கொண்டது.

சொன்னபடியே கல் வந்தது. லாரிகள் பின்பக்கமாக வந்து, குப்பம்மாவின் வீடு இருந்த இடத்திலேயே கொட்டின. அடுப்படி, கூடம், வாசல் எல்லாவற்றையும் பாறை நிரப்பியது. சாலைவரைக்கும் கல்தான். ஒரு பாய் விரிக்கக்கூட மண் மிஞ்சவில்லை. குப்பம்மா முதல் கல்லுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, கைகூப்பி நின்றாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"பாத்தியா தேசு? சொன்னா சொன்னதுதான் அவுரு."

"ஆமாக்கா," என்றான் தேசப்பன். பயந்து சொல்லவில்லை, நெஞ்சு நிறைந்துதான் சொன்னான்.

லாரிக்கு அந்தப் பக்கமிருந்து லோகநாதன் "மாமா!" என்று கூப்பிட்டான். தேசப்பன் ஓடினான்.