மூன்றாம் ஓலைக்குப் பிறகு

விடுப்பு கோரும் பணியாளருக்கு ஏழு வேலைநாள்களுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். தராவிட்டால் கோரிக்கை ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். நிறுவனக் கையேட்டில் இப்படி ஒரு விதி இருந்தது. தட்டச்சு செய்தவன் நான்தான். ஓய்வுபெறும்வரை வளைகுடாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். எந்த விண்ணப்பம் எந்த மேசையில் எத்தனை நாள் உறங்கும் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

கருதப்படும் என்று போட்டோமே தவிர, யார் கருதுவார்கள் என்று போடவில்லை. விமான நிலையத்து அதிகாரி கருதமாட்டார். அந்த நாட்டில் வெளிநாட்டுக்காரன் ஊருக்குப் போக முதலாளி கையெழுத்திட்ட வெளியேறும் அனுமதி வேண்டும். பாஸ்போர்ட்டும் முதலாளியின் இரும்புப் பெட்டியில்தான் இருக்கும்.

மகள் கல்யாணம் பிப்ரவரி ஐந்து, வியாழக்கிழமை, பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் சபை ஆலயத்தில் என்று முடிவானது. அவளைக் கைபிடித்து அழைத்துப்போய் ஒப்புக்கொடுக்க நான் நிற்கவேண்டும். டிசம்பரிலேயே விண்ணப்பித்தேன். ஏழு வேலைநாள் போனது, இன்னோர் ஏழும் போனது. ஜனவரி நடுவில் நேரில் போய் நின்றேன். கல்யாணம் என்று சொல்லிப் போன ஒருவன் திரும்பவில்லையாம். ஆதாரம் வேண்டும் என்றார் புதிதாக வந்திருந்த மேலாளர்.

எல்லோரும் அழைப்பிதழைத்தான் வைப்பார்கள். அதை எந்த அச்சகத்திலும் அடிக்கலாமே, அது எப்படி ஆதாரமாகும் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று அறிவிப்பார்கள். முதல் ஓலை முடிந்ததும் போதகரிடம் ஆங்கிலத்தில், முத்திரையோடு சான்றிதழ் வரவழைத்து இணைத்தேன்.

மேலாளர் அதைக் கவனமாகப் படித்தார். நிறுவனத்தில் யாரும் எதையும் அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை.

"அப்படியானால் இன்னும் இரண்டு ஞாயிறு யார் வேண்டுமானாலும் தடை சொல்லலாம். கல்யாணம் இன்னும் உறுதியாகவில்லை" என்று சொல்லி, கோப்பில் நிலுவை என்று எழுதினார். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

என் அறையில் உடனிருந்தவன் எங்கள் மாவட்டத்துக் கடற்கரை ஊரான இனயத்துக்காரன், கத்தோலிக்கன், கிரேன் ஓட்டுபவன். சோறு வடித்துக்கொண்டே சிரித்தான்.

"அண்ணாச்சி, எங்க கோயில்லயும் மூணு ஞாயிறு விளிச்சுச் சொல்லுவினும். அத எவனாவது அரபிகிட்ட கொண்டு காட்டுவானா?"

"கார்டு ஆதாரம் ஆகாதுப்பா."

"படிச்சவியளுக்கு அதான் கேடு. போன வருசம் தங்கச்சி கல்யாணம்னு கார்டு வச்சுத்தான் நான் போனேன். நாலாம் நாளு அனுமதி வந்துச்சு. எனக்குத் தங்கச்சியே கெடையாது."

இரவு மனைவி போனில் கேட்டாள்.

"வருவியளா மாட்டியளா? ஒரு வார்த்தை சொல்லுங்க. கோட்டு தச்சு வச்சிருக்கு."

"நிலுவையில இருக்கு."

"அது என்ன எழவு நிலுவை? மவ கேட்டா நான் என்ன சொல்ல? அவளுக்க மாமன நிக்கச் சொல்லவா?"

"மூணாம் ஓலை வாசிக்கட்டும்."

பிப்ரவரி ஒன்று ஞாயிறு. அங்கே அது வேலைநாள். மதியம் போதகர் சான்றிதழைப் படமெடுத்து அனுப்பினார். யாரும் தடை சொல்லவில்லை. அச்செடுத்து ஓடினேன். "இப்போது சரியாக இருக்கிறது" என்றார் மேலாளர். ஆனால் கையெழுத்துப் போடவேண்டிய முதலாளி இரண்டு நாள் முன்பு ராஜாளிகளை விட்டு வேட்டையாடவென்று வெளிநாடு போயிருந்தார். எப்போது வருவார் என்று கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. கையேட்டைத் திறந்து விதியைக் காட்டினேன். படித்துவிட்டு, "நல்ல விதி, யார் எழுதியது?" என்றார்.

வியாழக்கிழமை சரக்கறையில் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டேன். வீடியோ அழைப்புக்கு அந்த நாட்டில் தடை. என் தங்கை ஆலயத்தில் கடைசி வரிசையில் நின்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, கேக்கா? அவ உள்ள வாறா. மாமன் கையப் பிடிச்சிருக்கா."

"அழுதாளா?"

"இல்ல. வாசலப் பாத்துட்டு வாறா. மாமன் போட்டிருக்கது உங்களுக்குத் தச்ச கோட்டு. பொத்தான் பூட்ட முடியல்ல."

இந்தப் பெண்ணை ஒப்புக்கொடுப்பவர் யார் என்று போதகர் கேட்டது எனக்கும் கேட்டது. ஓர் இருமல், பிறகு என் மைத்துனன் குரல். அதற்குமேல் பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. மேசைக்குத் திரும்பினேன். வேறு இருவரின் விடுப்பு விண்ணப்பங்கள் காத்திருந்தன. குறிப்பெழுதி மேலே அனுப்பினேன்.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவும் ஒரு படிவம் உண்டு. நான் நிரப்பவில்லை. மருமகன் மகளைப் பெங்களூருக்குக் கூட்டிப்போன பிறகு, முதலாளியின் கையெழுத்தோடு பதில் வந்தது. பிப்ரவரி நான்காம் தேதி முதல் பத்து நாள் விடுப்பும் வெளியேறும் அனுமதியும் வழங்கப்படுகின்றன, திருமணத்துக்குத் தடை ஏதும் வரவில்லை என்பது குறித்துக்கொள்ளப்பட்டது, மணமக்களுக்கு வாழ்த்துகள். பெற்றுக்கொண்டவர் கையெழுத்துக்குக் கீழே தேதி போடவேண்டும் என்பது விதி. போட்டேன்: பிப்ரவரி இருபத்துமூன்று, திங்கட்கிழமை.