அக்காவின் கண்ணில் ஒரு குறையும் இல்லை

திருநெல்வேலிச் சீமையில் எங்கள் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்து, தாராவியில் வளர்ந்து, சென்ற ஆண்டு இருபத்தேழாம் வயதில் எங்களைப் பிரிந்த அக்காவைப் பற்றி எழுதத் தங்கையாகிய என்னைப் பணித்திருக்கிறார்கள். நல்லதை மட்டும் எழுதச் சொன்னார் அப்பா. என்னையும் சேர்த்து எழுதுவதால் கொஞ்சம் கசக்கும். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அக்காவுக்குப் பெரிய, அழகான கண்கள். பம்பாயில் டிராம் ஓடிக்கொண்டிருந்த நாளில், அவரது பதினேழாம் வயதில், ஒரு காய்ச்சலோடு பார்வை போயிற்று. கண்கள் மட்டும் அப்படியே பளிச்சென்று இருந்தன. கண்ணில் ஒரு குறையும் இல்லை, உள்ளே நரம்புதான் பட்டுப்போயிற்று என்று ஆஸ்பத்திரி டாக்டர் இந்தியில் விளக்கினார். நான் நம்பவில்லை. குழாயடியில் கியூ நிற்பதும் ரேஷன் கடைக்கு ஓடுவதும் என் தலையில் விழுந்தன. அம்மாவோ உட்கார்ந்து அக்காவுக்குத் தலைவாரிக்கொண்டிருப்பார். நடிக்கிறாள் என்றே வயிறெரிந்தேன்.

சில ஆண்டுகள் கழித்து என்னைப் பெண் பார்க்கச் செம்பூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்கு டிராம்பேயில் வேலை. அக்காவின் நிலை தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று அப்பா பயந்தார். எங்களுடையது ஒரே அறை, ஒளித்துவைக்க இடமில்லை. "பேச்சு வார பக்கமாப் பாத்துச் சிரிச்சிக்கிட்டு இரும்மா" என்று அக்காவிடம் சொல்லி மூலையில் உட்காரவைத்தார். அக்கா அதை அத்தனை நன்றாகச் செய்தார்.

மாப்பிள்ளையின் அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார். "மூத்தவ இருக்கையில இளையவள ஏன் பேசணும்? அந்தக் கண்ணு ஒண்ணு போதுமே! அவளையே முடிச்சிருவோம்."

"எனக்குக் கண்ணு தெரியாது, அத்தை" என்றார் அக்கா.

"தங்கச்சிக்காவப் பொய் சொல்லுதியாக்கும்? இந்த மனசுக்கே ஒன்னத்தான் கட்டணும்."

எனக்குத் தாங்கவில்லை. எழுந்துபோய், அக்காவின் கண்களைக் குத்துவதுபோல் இரண்டு விரல்களை வீசி, மயிரிழையில் நிறுத்தினேன். இமை அசையவில்லை. அன்றுதான் நானும் நம்பினேன்.

"ஏன் எல்லாரும் பேசாம இருக்கீக?" என்று கேட்டார் அக்கா, சிரித்தபடியே.

அந்த மாப்பிள்ளையைத்தான் நான் மணந்தேன். நான் செய்ததை அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. கடைசிவரை நானும் சொல்லவில்லை.

பொறாமை அதன் பிறகும் ஓயவில்லை. அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தால் என் மகள் அவர் மடியில்தான் தூங்குவாள். என் கணவர் அவருக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவார். ஒருநாள் கண்தானம் பற்றிய செய்தியை வாசித்தபோது, "எனக்கு ஒதவாத கண்ணு, யாருக்காச்சும் ஆவட்டும்" என்றார் அக்கா. திடீரென்று இருதயம் நின்று அவர் போனபோது அப்படியே கொடுத்தோம்.

கண்களை எடுக்க டாக்டர்களை நேரத்தோடு அழைத்துவந்த பக்கத்துவீட்டு மராட்டிக்காரருக்கும், கண்ணில்லாமலா அனுப்புவது என்று சொந்தக்காரர்கள் சத்தம் போட்டபோது அப்பாவோடு நின்ற, அவர் வேலைபார்க்கும் தோல் கிட்டங்கித் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்கா என்னைக் கடைசியாகப் பார்த்தது என் பதின்மூன்றாம் வயதில். அந்தக் கண்களால் இன்று வேறு யாரோ பார்க்கிறார்கள். அவருக்கும் ஒரு தங்கை இருக்கலாம். அவள் பெரியவளாவதை, புடவை கட்டுவதை, பிள்ளை பெறுவதை எல்லாம் அவர் பார்ப்பார். முகம் தெரியாத அந்தத் தங்கைமேல்தான் இப்போது எனக்குப் பொறாமை.